வெள்ளை அரிசியும் பழைய வண்ணப்பெட்டியும்

உலு திராமிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். ஒரு நாள் காலை ஆபீசில் ஆள் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது பேனா என் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன்; மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை மைக்கூடும் சேர்ந்து கவிழ்ந்து, அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் மைக்குள் மறைந்துபோனார்கள். வெள்ளைக்காரத் துரை திட்டவில்லை. என் கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே அது துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு முன்பே கால்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. பாதத்தில் எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. பிறகு அதுவும் போய் மரத்துவிட்டது. ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி மரகதம் வாசலிலேயே நிறுத்தினாள்.

“ஒரு கால் செருப்பு எங்கங்க?”

பாதி வழியில் கழன்று விழுந்திருக்கிறது. சரளைக்கல் பாதையில் வெறுங்காலோடு நடந்து வந்தது எனக்குத் தெரியவே இல்லை.

குளிர்காய்ச்சல் வந்து மூன்று மாதமாகக் கஞ்சியில் கிடந்தவன் நான். அந்தப் பலவீனம் என்று நினைத்தேன். மரகதம் அப்படி நினைக்கவில்லை. எங்கள் பையன் போன துக்கம் என் உடம்பில் இறங்கிவிட்டது என்று நம்பினாள்.

அவனுக்கு வேலன் என்று பெயர் வைத்திருந்தோம். மூன்றரை மாதம் இருந்தான். நான் சொல்லும் காலத்துக்கு ஆறு மாதம் முன்பு, கொழுகொழுவென்று இருந்த பிள்ளை ஒரு நாள் காலையில் பால் குடிக்க மறுத்தான். குடித்ததைக் கக்கினான். மூச்சு வாங்கியது. தோட்டத்து லாரி ரப்பர் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள், விளக்கு வைப்பதற்கு முன்பே, எல்லாம் முடிந்துவிட்டது. கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்து அழுதார்கள். எழுந்து போகும்போது, தாய்ப்பால் கெட்டுப் போயிருக்கும் என்று பேசிக்கொண்டு போனார்கள். மரகதத்தின் காதில் அது விழுந்தது. நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜொகூர் பாருவில் மேட்டின் மேல் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னைத் தோட்டத்து லாரியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். புகைபோட்ட ரப்பர் பாளங்களுக்கு நடுவில் ஒரு கோணிப்பையை விரித்து உட்கார வைத்தார்கள். மரகதம் கூட வந்தாள். அவள் அப்போது மறுபடியும் நாலு மாதம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீள பெஞ்சு. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஒரு மணி வரைக்கும் பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்துகொண்டே இருந்தோம். என் பக்கத்தில் மலாய்க்காரர் ஒருவர் கண்ணில் பச்சிலை கட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு சீனத்தி மடியில் பிள்ளையை வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். மரகதம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வராந்தாவின் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை நான் நகரவேண்டி வந்தபோதும் இரண்டு கையாலும் என் இடுப்பைப் பிடித்து நகர்த்தினாள்.

உள்ளே வெள்ளைக்கார டாக்டர் ஒருவர். பக்கத்தில் ஐசக் என்ற டிரெஸர். மருந்து கட்டுவதிலிருந்து டாக்டருக்குப் பேச்சை மாற்றிச் சொல்வது வரை எல்லாம் அவர்தான். திருநெல்வேலிக்காரர். டாக்டர் என்னைத் தரையில் குந்தச் சொன்னார்.

“கையை ஊணாம எந்திரிங்க, கிராணி,” என்றார் ஐசக்.

குந்தினேன். எழ முடியவில்லை. முப்பத்தோரு வயது ஆம்பளை, மனைவி பார்த்துக்கொண்டிருக்க, தரையில் தவளைபோல உட்கார்ந்திருந்தேன். ஐசக் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். டாக்டர் என் கெண்டைக்காலைப் பிடித்து அமுக்கினார். ஐயோ என்று கத்திவிட்டேன். பிறகு நாற்காலியில் உட்கார வைத்து முழங்காலுக்குக் கீழே சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். நல்ல நரம்பு இருந்தால் கால் தானாக முன்னால் துள்ளுமாம். என் கால் யாரோ ஒருவருடைய கால்போலச் சும்மா தொங்கியது. நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“பெரிபெரி,” என்றார். அடுத்து அவர் கேட்டது ஒரே கேள்வி: “என்ன அரிசி சாப்பிடுகிறாய்?”

வெள்ளை அரிசி என்றேன். சயாமிலிருந்து வருவது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். தமிழர்களுக்கு இந்த நோய் வந்து தான் பார்த்தது அபூர்வம் என்று ஐசக்கிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குப் புரிந்தது.

அன்றே என்னை வார்டில் சேர்த்தார்கள்; ஐசக் பிறகு என் கட்டிலருகே நின்று விளக்கினார். நெல்லை உமியோடு வேகவைத்துக் காயவைத்தால் தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். அதுதான் புழுங்கல் அரிசி. பச்சை நெல்லை மில்லில் போட்டு வெள்ளை வெளேரென்று தீட்டினால் தவிட்டோடு அந்தச் சத்தும் போய்விடும். வயிறு நிறையும், ஆனால் நரம்பு பட்டினி கிடக்கும். சிலருக்கு அது காலையும் கையையும் பிடிக்கும். சிலருக்கு நீர் கட்டி நெஞ்சைப் பிடிக்கும்.

“தோட்டத்துல புழுங்கல்தான குடுக்குறாங்க? நீங்க ஏன் வாங்கல?”

அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பதில் இதுதான்: கல்யாணமான முதல் வாரத்தில் மரகதம் தோட்டத்துப் புழுங்கல் அரிசியை உலையில் போட்டிருந்தாள். அவள் லயத்தில் வளர்ந்தவள், அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும். நான் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, “கூலிக்காரன் திங்கிற அரிசி நம்ம வீட்டுல வேகக்கூடாது,” என்றேன். அன்றிலிருந்து சீனன் கடையில் வெள்ளை அரிசி வாங்கினோம். பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் என்று அவளுக்குக் காயில்லை, பருப்பில்லை. மூன்று மாதம் வெள்ளைச் சோறும் மிளகு ரசமும்தான்.

“வீட்டுல வேற யாராவது அந்த அரிசியச் சாப்பிட்டாங்களா?” என்று கேட்டார் ஐசக்.

“மனைவி. ஒரு பையன் இருந்தான். தவறிட்டான்.”

“எத்தன மாசம்?”

“மூணரை.”

“கடைசியா… அழுதப்ப தொண்ட கட்டிப்போச்சா? சத்தமில்லாம அழுதானா?”

அந்தக் கடைசிப் பகலில் வேலன் வாயைத் திறந்து திறந்து அழுதான். முகம் சிவந்தது, நாக்கு நடுங்கியது. சத்தம் வரவில்லை. இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. இந்த மனிதர் எப்படி அறிவார்?

தாய் தின்னும் அரிசியில் சத்தில்லை என்றால் பாலிலும் இருக்காது, தாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது, பிள்ளைக்கு நெஞ்சைப் பிடித்துவிடும் என்று ஐசக் மெதுவாகச் சொல்லி முடித்தார். “ஒங்க சம்சாரத்துக்கு இப்பவே அரிசிய மாத்தச் சொல்லுங்க. வயித்துல இருக்கறதாச்சும்…” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மரகதம் வராந்தாவில் காத்திருந்தாள். நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: “டாக்டரு இனிமே புழுங்கல் அரிசிதான் சாப்பிடணும்னாரு. நீயும்தான். பாசிப்பயறு தினமும் சேத்துக்க.” அவள் சரி என்று தலையாட்டினாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததற்காக நான் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வார்டில் எங்கள் வரிசையில் எட்டுக் கட்டில்கள். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. தவிட்டை ஊறவைத்து வடித்த கசப்புத் தண்ணீர் காலையில் ஒரு கோப்பை. மூன்று வேளையும் பாசிப்பயறு. பக்கத்துக் கட்டிலில் ஆ சாய் என்று ஒரு சீனர், காட்டில் மரம் அறுக்கிறவர். அவருக்கு நீர் கட்டியிருந்தது. காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பயறு வரும்போதெல்லாம், “மக்கான் காச்சாங், ஜாடி கூடா!” என்று சிரிப்பார். பயறு தின்று தின்று குதிரையாகப் போகிறோம் என்று அர்த்தம். என் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நான் திணறும்போது தானாகவே எட்டிப் போட்டுவிடுவார். ஒரு பிற்பகல் தேநீர்க் கோப்பைக்குக் கையை நீட்டினார். கை கோப்பையைத் தொடவில்லை. ஐசக் ஓடி வருவதற்குள் போய்விட்டார். அவருக்கு உறவு என்று யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு பல நாட்கள் என் நெஞ்சு அடிப்பதை நானே எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

ஐந்து வாரத்தில் இரண்டு தடிகளை ஊன்றி நடக்க ஆரம்பித்தேன். தினமும் மேட்டிலிருந்து இறங்கிக் கடைத்தெரு வரைக்கும் போய்வர வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. அப்படிப் போகும் வழியில் ஒரு பழைய சாமான் கடை. சீமைக்குத் திரும்பிப் போகிற வெள்ளைக்காரர்கள் விட்டுச் செல்வது அங்கேதான் வந்து சேரும்: கண்ணாடிக் கிண்ணங்கள், சாக்ஸபோன் ஒன்று, நாய்ச் சங்கிலிகள். ஒரு நாள் மூச்சு வாங்க அந்தக் கடை வாசலில் நின்றபோது, ஒரு தட்டின் மேல் கறுப்புப் பூச்சுப் பூசிய தகரப் பெட்டியைப் பார்த்தேன். திறப்பதற்கு முன்பே அது என்ன என்று எனக்குத் தெரியும்.

கிராணி ஆவதற்கு முன் நான் சிங்கப்பூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் மூன்று வருஷம் இருந்தேன். நாகப்பட்டினத்துப் பள்ளியில் கற்ற வாட்டர் கலர்தான் அங்கே எனக்குச் சோறு போட்டது. கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றுவது என் வேலை. புடவைக்குப் பச்சை, தோட்டுக்கு மஞ்சள், குழந்தைகளின் கன்னத்துக்கு லேசான சிவப்பு. நன்றாகவே செய்தேன். ஆனால் தூரிகை பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள். பேனா பிடிக்கிறவனை ஐயா என்று கூப்பிட்டார்கள். தோட்டத்து வேலை கிடைத்ததும் தூரிகைகளை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு வருஷம் தொடவில்லை.

பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு சின்னக் குழிகள். நீலமும் பச்சையும் வழித்து எடுத்ததுபோலக் காலி. முன்பு இதை வைத்திருந்தவர் கடலையும் மரத்தையும் மட்டுமே வரைந்திருக்க வேண்டும். காவி, செம்பழுப்பு, மஞ்சள், சிவப்பு எல்லாம் வெடித்துக் காய்ந்து, ஏறக்குறைய முழுதாக இருந்தன. மனிதத் தோலுக்கு வேண்டிய நிறங்கள். விரலை எச்சில் தொட்டுக் காவியின் மேல் வைத்தேன். ஒரு கணம் கல்லாக இருந்தது, பிறகு இளகி விரலில் ஏறியது.

“லாமா சுடா,” என்றார் கடை முதலாளியான தவுக்கே. பழசாகிவிட்டது என்று அவரே சொன்னார். தூரிகைகள் மூன்றைப் பூச்சி அரித்திருந்தது. அவற்றைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் தடிகளைப் பார்த்துப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும்படி கயிறு கட்டியும் கொடுத்தார்.

தூரிகை விரலில் நிற்கவில்லை. முதல் நாள் நான் போட்டது ஒரு கோடுகூட இல்லை. தாளில் ஈரம் மட்டும்தான். ஐசக் பார்த்தார். மறுநாள் தூரிகைக் காம்பில் கட்டுத்துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டைவிரல் அளவுக்குப் பருமனாக்கிக் கொண்டுவந்தார். “இப்பப் பிடிங்க பாப்பம்.” பிடித்தேன். நின்றது.

வேலனுக்குப் போட்டோ எடுக்கவில்லை. எத்தனையோ பேர் பிள்ளைகளின் கன்னத்தில் சிவப்பு ஏற்றியவன், என் பிள்ளையை ஒரு தடவை டவுனுக்குத் தூக்கிப்போக நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் வரைய ஆரம்பித்தபோது வேறு எதையும் வரையத் தோன்றவில்லை. வட்டமாக ஒரு தலை. அதற்கு மேல் தெரியவில்லை. பல நாள் அந்த வட்டத்தையே திரும்பத் திரும்பப் போட்டேன்.

மரகதம் ஒவ்வொரு ஞாயிறும் பஸ்ஸில் வருவாள். தூக்கில் பயற்றுக் கஞ்சி இருக்கும். வந்ததும் என் நகத்தை வெட்டிவிடுவாள், முகம் மழித்துவிடுவாள், தலைக்கு எண்ணெய் வைப்பாள். ஒரு ஞாயிறு தலையணைக்கடியில் இருந்த தாள்களை எடுத்துப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“நா வேற யாருகிட்டயாச்சும் பால் குடுக்கச் சொல்லியிருக்கணும்,” என்றாள். “பெரிய கங்காணி மருமவளுக்கு அப்ப பாலிருந்துச்சு. எனக்குத் தோணல. எம் பால்தான் அவனக் கொன்னுச்சு.”

அவள் அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. பல நாள் தனக்குள் சொல்லிப் பழகிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. ஐசக் கேட்டதையும் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அரிசி. பத்தியம். சத்தமில்லாத அழுகை. நான் முதல் வாரத்தில் பானையைத் திறந்து பார்த்துச் சொன்ன வார்த்தை.

மரகதம் தாள்களைக் கட்டிலில் வைத்தாள். தூக்கை எடுத்துக்கொண்டாள். கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றக்கூட இல்லை. வார்டைக் கடந்து வராந்தாவில் இறங்கி நடந்து போனதை உட்கார்ந்தபடி பார்த்தேன். பின்னால் போக என் கால்களுக்கு வேகம் இல்லை.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ, அவள் என்ன செய்துகொண்டாளோ என்று நான் பயந்த பயத்துக்கு முன்னால், நெஞ்சை எண்ணிக்கொண்டு கிடந்த பயம் ஒன்றுமே இல்லை. தோட்டத்து லாரி ஓட்டுநரிடம் விசாரித்துச் சொல்லும்படி ஐசக் ஆள் அனுப்பினார். வீட்டில்தான் இருக்கிறாள், கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள் என்று பதில் வந்தது.

மூன்றாவது ஞாயிறு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அரிசி வாங்குனது நீங்க. ஆக்குனது நானு. ரெண்டு பேருக்கும் தெரியாது. அத நா ஒண்ணும் சொல்லல,” என்றாள். “ஆனா வந்த அன்னிக்கே ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஏழு வாரம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு இருந்தீங்க. அந்த ஏழு வாரமும் நா எம் பாலத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க தலையில எண்ணெ வைக்கச் சொல்லிக் குனிஞ்சு உக்காந்துக்கிட்டு இருந்தீங்க.”



பிறகு அவளே தலையணைக்கடியிலிருந்து தாளை எடுத்தாள். இடையில் நான் படத்தைக் கொஞ்சம் முன்னேற்றியிருந்தேன். நெற்றி, கன்னம், மூடிய இமைகள்.

“கண்ண ஏன் மூடி வச்சிருக்கீங்க?”

“நான் பாக்குறப்பல்லாம் தூங்கிக்கிட்டுத்தான் இருப்பான்.”

விடியுமுன் ஆள் எண்ணப் போய்விடுவேன். திரும்பி வரும்போது அவன் தூளியில் இருப்பான். சத்தம் போடாதீங்க என்று மரகதம் சைகை காட்டுவாள். தூளித் துணியை விலக்கி ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட உட்காருவேன். மூன்றரை மாதமும் அப்படித்தான் போனது.

அவள் தாளைத் திருப்பிக் காலியான பக்கத்தை என் முன் வைத்தாள். “வலது கண்ணு கொஞ்சம் சின்னது. சிரிச்சா அதுதான் மொதல்ல மூடும். புருவம் இருக்காது, லேசா ஒரு நெழல் மாதிரி. போடுங்க.”

தூரிகையை நனைத்தேன். அவள் சொல்லச் சொல்லப் போட்டேன். தூரிகை நழுவி வண்ணம் வழிந்த இடத்தில் தன் முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தாள். காது மடல் மேலே மடங்கியிருக்கும் என்றாள். உதடு வந்தபோது, “வாய் தெறந்திருக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம்,” என்றாள். “மூடியே இருக்கட்டும்.”

முடிந்ததும் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது அவன் இல்லங்க.”

“தெரியுது.”

“அடுத்த வாரம் இன்னொண்ணு போடுங்க.”

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வருவதற்குள் ஒன்பது படங்கள் போட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்கு ஏதோ ஒன்று புதிதாக நினைவு வந்தது: தலையில் ஒரு பக்கம் மட்டும் முடி தேய்ந்திருந்தது, தாடைக்குக் கீழே ஒரு மடிப்பு. கடைசிப் படத்தில் இமை முடிகளைக்கூட என்னால் தனித்தனியாகப் போட முடிந்தது. என் கையைச் சோதிக்க வந்த டாக்டர் அதைத்தான் பார்த்துத் திருப்திப்பட்டார். ஒன்பதில் ஒன்றுகூட வேலன் இல்லை. ஒன்பதையும் அவள் எடுத்துப்போனாள்.

இதெல்லாம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் மகள் நல்லபடியாகப் பிறந்து ஓடியாடுகிறாள். தோட்டத்துக் கிராணிமார் சிலர் இன்னும் வெள்ளை அரிசியைத்தான் கௌரவம் என்று நினைக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதினேன்.

மரகதம் அந்தப் படங்களைச் சுவரில் மாட்ட விடவில்லை. டிரங்குப் பெட்டியில் அடிப்புடவைக்குக் கீழே வைத்திருக்கிறாள். சில நாள் பகலில் வேலையெல்லாம் முடிந்த பிறகு எடுத்துத் தரையில் வரிசையாக வைத்துப் பார்ப்பாள். என்னைக் கூப்பிடுவதில்லை. நானாகப் போய்ப் பக்கத்தில் நின்றால், கொஞ்சம் நகர்ந்து உட்கார இடம் விடுகிறாள்.